மாடு முட்டிய காயம்

1

இந்த மார்கழியோடு நான் கனடாவுக்கு வந்து பத்து வருடம். வந்திறங்கிய நாளை இவர் வருடா வருடம் ஒரு கேக் வாங்கிவந்து கொண்டாடுவார். இவர் என்றால் என் கணவர். இந்த முறை கேக் மேசையில் காத்திருந்தது, நான்தான் போய்ச் சேரவில்லை. பஸ் தரிப்பிடத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பதினொரு வீடு. ஆறாவது வீட்டடியில் இடுப்புக்குக் கீழே விறைத்தது. பிறகு எரிந்தது. பிறகு கால் இரண்டும் இருக்கிற இடமே தெரியவில்லை. யாரோ வீட்டுக் குட்டி மதிலில் பனியைக் கையால் தட்டிவிட்டுக் குந்திவிட்டேன்.

கதவைத் திறந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டாள். "ஓகே, ஓகே" என்றேன். அவள் உள்ளே போய்த் தொலைபேசியோடு திரும்பி வந்தாள். எனக்கு அது போதும். ஒருவர் நம்மை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போய் யாருக்கோ தகவல் சொன்னால் அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முன்னுக்கு வளைந்து, மதிலைப் பிடித்துப் பிடித்து நடையைக் கட்டினேன். அவள் உதவி செய்யத்தான் நினைத்திருப்பாள் என்று மகள் சொல்கிறாள். இருக்கலாம். அந்த வீட்டைக் கடக்கும்போது நான் இன்னும் தெருவின் மற்றப் பக்கத்தால்தான் போகிறேன்.

வீட்டிலும் எனக்கு நல்ல பெயர் இல்லை. மகள் துளசிக்குப் பதினைந்து வயது. வாய் நீளம்.

"அம்மா, சனிக்கிழமை கடையில ஒரு மணித்தியாலம் நடந்தனீங்கள். அப்ப ஒண்டும் நோகேல்லை. வேலையால வரேக்க மட்டும் எப்பிடி நோகும்?"

விசாரணை என்றால் இதுதான். அவள் சொன்னதும் உண்மை. கடையில் சாமான் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டால் மூலை மூலையாகச் சுற்றுவேன். பாண் பொதி செய்கிற எங்கள் தொழிற்சாலையில் நிமிர்ந்து நின்று பத்து நிமிடத்தில் கால் போய்விடும். மேற்பார்வையாளர் நான் வேலைக்குக் கள்ளம் அடிக்கிறேன் என்று நினைத்தார். மகளும் அப்படித்தான் நினைத்தாள். ஒரு கட்டத்தில் எனக்கே என்னில் சந்தேகம் வந்துவிட்டது.

2

குடும்ப வைத்தியர் குளிசை தந்தார். விசேட வைத்தியரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். கூட வேலை செய்கிற ஒருத்தி, "கைரோபிரக்டரிட்டப் போங்கோ அக்கா, முள்ளந்தண்டை ஒரு நெரி நெரிச்சு விடுவார், மடமடவெண்டு சத்தம் கேக்கும், அதோட சரி" என்றாள். இன்னொருத்தி, அப்படி நெரித்து வாய் கோணிப்போன ஒரு ஆளைத் தனக்குத் தெரியும் என்றாள். இரண்டு பேரையும் நான் நம்பவில்லை. ஆனாலும் போனேன், பதினொரு வீடு நடக்க வேண்டுமே.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் முறிவு நெரிவு பார்க்கிற பரியாரியார் இருப்பார். அவரிடம் போனால் எண்ணெய் மணக்கும், உள்ளேயிருந்து யாராவது கத்துவது கேட்கும், என்ன நடக்கிறது என்று தெரியும். இங்கே பூ மணக்கிறது. வரவேற்பில் இருந்த பெண் நான் எதுவும் சொல்லும் முன்பே சிரித்தாள். சுவரில் தோல் உரித்த மனிதன் ஒருவனின் படம், அவனும் சிரிப்பது போலத்தான் இருந்தது. இவ்வளவு சிரிப்பு எனக்கு ஒத்துவராது.

நாலு பக்கப் படிவம் தந்தார்கள். துளசி வாசிக்க வாசிக்க நான் பதில் சொன்னேன்.

"விபத்து நடந்திருக்கா?"

"இல்லை."

"எங்கயும் விழுந்தனீங்களா?"

"இல்லை."

"உடம்பில உலோகம் ஏதும் இருக்கா?"

"இல்லை எண்டு போடு."

"முதுகில காயம்... அம்மா, மாடு முட்டினதைச் சொல்லட்டா?"

"ஓம். அதை மட்டும் எழுது."

எங்கள் பக்கத்து ஆட்களின் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்துப் பாருங்கள். வாசிக்கும் முன்பே மேலிருந்து கீழே 'இல்லை' போட்டுவிடுவார்கள். பொய் சொல்லும் எண்ணத்தில் இல்லை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை முன்னுக்கு நீட்டுகிற மாதிரி, அது கையின் பழக்கம். உறவினர் புலிகள் இயக்கத்தில்? இல்லை. வெளிநாட்டில்? இல்லை. காயம், தழும்பு? இல்லை. எங்கேயாவது ஒரு இடத்தில் 'ஆம்' போட்டவனை மேசையின் அந்தப் பக்கத்துக்குக் கூப்பிடுவார்கள். பிறகு அவன் இந்தப் பக்கம் எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது.

3

மாடு முட்டவில்லை. உங்களுக்கு இதைச் சொல்வதில் எனக்குப் பயம் இல்லை, உங்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு மாடு இருக்கும்.

மன்னார் மாவட்டத்தில், நானாட்டானில் எங்களுக்கு வயல். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். சண்டை மறுபடி தொடங்கி, டீசலைத் தடை செய்திருந்தார்கள். உழவு இயந்திரம் கொட்டிலில் கிடந்தது. களத்தில் சூடு மிதித்து நெல்லைப் பிரிக்கத் திரும்பவும் மாடுகளைக் கட்டினோம். அங்கேதான் செல் விழுந்தது, பீரங்கிக் குண்டு. அந்தப் பகலைப் பற்றி இப்போது இவ்வளவுதான் எழுத முடிகிறது. மிச்சத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அப்போதிக்கரி ஐயா என்று நாங்கள் சொல்லும் அரச உதவி வைத்தியர் ஒருவர்தான் காயத்தைத் தைத்தார். முதுகில் ஏறிய செல் துண்டு எலும்போடு போய் ஒட்டியிருக்கிறது, கிண்டினால் கால் போய்விடும், இருக்கட்டும் என்றார். பிறகு ஒரு துண்டுச் சீட்டு எழுதி உறையில் போட்டு ஒட்டித் தந்தார்.

"பாலத்தடியில ஆமி மறிச்சுக் கேட்டால் இதைக் குடு பிள்ளை. மாடு முட்டினது எண்டு எழுதியிருக்கிறன். நீயும் அப்பிடியே சொல்லு. செல் பீஸ் எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதை. இளம் பெட்டையின்ர முதுகில செல் காயம் எண்டால் இயக்கப் பெட்டை எண்டுதான் நினைப்பாங்கள், தெரியும்தானே?"

தெரியும். அடையாள அட்டை அலுவலாக மன்னாரில் அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்குப் போகவேண்டி வந்தபோது, பாலத்தடியில் சோதித்த பெண் சிப்பாயின் கை என் முதுகில் நின்றுவிட்டது. சட்டைக்கு மேலால் தழும்பின் நீளத்துக்கு ஒரு விரலை ஓட்டினாள். "மே மொக்கத?" இது என்ன என்று கேட்கிறாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மாட்டுக்கு ஒரு சொல் இருந்தது. "ஹரக்கா" என்றேன்.  அவள் இரண்டு விரலைத் தலையில் கொம்பாக வைத்துக் காட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சீட்டைக் கொடுக்கத் தேவை வரவில்லை.

அந்த மாடு என்னோடு விமானமும் ஏறியது. இங்கே அகதி விண்ணப்பத்துக்கு உதவி செய்தவர் முதலில் சொன்னது, "முதுகை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ தங்கச்சி. உங்கட இடத்தையும் வயசையும் காயத்தையும் சேர்த்துப் பார்த்தாங்கள் எண்டால் கதை வேற." மற்றவர்கள் தழும்பைக் காட்டி விண்ணப்பித்தார்கள், நான் மறைத்து விண்ணப்பித்தேன். அந்தக் கோப்பில் காயம் என்ற இடத்தில் 'இல்லை' இருக்கிறது. கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

துளசிக்கும் அவள் தம்பிக்கும் அந்த மாடு படுக்கைக் கதையானது. சொல்லச் சொல்ல அதன் கொம்பு வளர்ந்தது, கண் சிவந்தது. இரண்டாம் வகுப்பில் துளசி அதைப் படமாகக் கீறினாள். மூக்கிலிருந்து புகை வருகிற ஒரு கறுத்த மாடு, பக்கத்தில் தீக்குச்சிபோல நான். குளிர்சாதனப் பெட்டியில் அந்தப் படம் இரண்டு வருடம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் பால் எடுத்தேன்.

4

கைரோபிரக்டர் என்னைவிட இளையவர். கை கழுவினார், கைகொடுத்தார், பிளாஸ்டிக் முள்ளந்தண்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வியே என்னை மயிர்க்கூச்செறிய வைத்தது. கடையில் தள்ளுவண்டியில் சாய்ந்து நடந்தால் சுகமாக இருக்கிறதா?

நான் துளசியை முறைத்தேன்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை அம்மா. சத்தியமா!"

யாரும் சொல்லாமல் ஒருவனுக்கு நம் வீட்டுக் கதை தெரிந்தால் என்ன அர்த்தம்? அவர் பிளாஸ்டிக் எலும்பை நிமிர்த்தியும் வளைத்தும் காட்டினார். துளசி மொழிபெயர்த்தாள்.

"முள்ளந்தண்டுக்குள்ளால ஒரு ஓட்டை போகுதாம். அதுக்குள்ளதான் காலுக்குப் போற நரம்பெல்லாம். உங்களுக்கு அது ஒடுங்கிப் போச்சு எண்டு நினைக்கிறாராம். ஸ்டெனோசிஸ். நிமிர்ந்து நிண்டா இன்னும் இறுகுமாம். குனிஞ்சா கொஞ்சம் விரியுமாம். அதாலதான்..." அவள் நிறுத்தினாள். "அதாலதான் கடையில நோகாதாம்."

வயல்காரியான எனக்கு அது விளங்கியது. வாய்க்கால் தூர்ந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாது, அவ்வளவுதான். துளசி பிளாஸ்டிக் எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கள்ளம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் என் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒடுக்கத்தைத் தன் கையால் அகலமாக்க முடியாது என்று அந்த மனிதரே சொன்னார். நடுவில் மடிகிற மேசை ஒன்றில் குப்புறப் படுக்கவைத்து மெதுவாக இழுத்து வளைப்பாராம். முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவருகிற பயிற்சி தருவாராம். சிலருக்கு வலி குறையுமாம், சிலருக்குக் குறையாதாம். சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ, பாதம் சொல்வழி கேளாமல் தொங்கினாலோ தன்னிடம் வரக்கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமாம். தேடி வந்த ஆளை வேறு இடத்துக்கு அனுப்புகிற கடைக்காரனை நான் கண்டதில்லை. இதற்குள் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் முதுகைப் பார்த்தார். தழும்பின் நீளத்துக்கு ஒரு விரல் ஓடி நின்றது.

"உங்கட வயசுக்கு இது வாறது குறைவாம். முந்தி ஏதும் நடந்ததா எண்டு திரும்பவும் கேக்கிறார்."

"மாடு எண்டு சொல்லு."

அவர் கொம்பு வைத்துக் காட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. எக்ஸ்ரே பார்க்காமல் நெரிக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னார்.  சட்டையைப் போட்டுக்கொண்டு, நாள் பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்றைக்கு இவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"படம் எடுத்தால் உள்ள கிடக்கிறது தெரிஞ்சிடும். குடியுரிமைக்குப் போட்ட விண்ணப்பம் கந்தோரில கிடக்கு. பழைய கோப்பையும் புதுப் படத்தையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தாங்கள் எண்டால்? பேப்பர் வரட்டும். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்."

"கைரோபிரக்டருக்கும் குடியுரிமைக் கந்தோருக்கும் என்ன சம்பந்தம்?"

"எல்லாத்துக்கும் எல்லாம் சம்பந்தம்தான். கம்பியூட்டர்."

அந்த வாரம்தான் நானாட்டானிலிருந்து அக்கா தொலைபேசி எடுத்தா. மறுபடி செல் விழுகிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மன்னார்ப் பக்கம் கீரியில் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கிறோம் என்றா. திருப்பி அனுப்பினால் எங்கே அனுப்புவார்கள் என்று எனக்கு வரைபடம் தேவைப்படவில்லை. அதனால் பொறுத்தேன். தள்ளுவண்டி இல்லாத இடங்களுக்குப் போவதை நிறுத்தினேன்.

5

ஒரு ஞாயிறு காலை குசினியிலிருந்து கூடத்துக்கு வந்தேன். துளசி என் காலைப் பார்த்தாள்.

"அம்மா, மற்றச் செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. அது குசினி வாசலிலேயே கழன்று கிடந்தது. கழன்றதும் தெரியவில்லை, வெறுங்காலோடு நடந்ததும் தெரியவில்லை. பாதத்தைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன் என்றுதான் நினைத்தேன். அது அப்படியே தொங்கியது. ஆஸ்பத்திரி வேண்டாம், படம் எடுப்பார்கள் என்று அன்று முழுக்க மறுத்தேன்.

திங்கட்கிழமை காலை துளசி என்னைக் கேட்காமலே கைரோபிரக்டருக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் எங்களை வரச்சொல்லி, பாதத்தை இரண்டு நிமிடம் பார்த்து, ஒரு கடிதம் எழுதி உறையில் ஒட்டித் தந்தார். இப்போதே ஆஸ்பத்திரி, வீட்டுக்குப் போகவே வேண்டாம் என்றார்.

ஆஸ்பத்திரி மண்டபத்தில் அந்த உறை என் மடியில் இருந்தது. ஒட்டிய உறை ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொரு மேசைக்குப் போவது எனக்குப் பழைய வேலை. ஆனால் முதல் உறைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"உடைச்சு வாசி" என்றேன்.

"அம்மா, இது டொக்டருக்கு."

"என்ன எழுதியிருக்கிறான் எண்டு தெரியாமல் நான் உள்ள போகமாட்டன். உடை."

அவள் உடைத்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் மாறியது.

"உங்கட பாதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பிறகு... முதுகில இருக்கிறது மாடு முட்டின காயம் மாதிரித் தெரியேல்லையாம். உள்ளுக்கு உலோகம் இருக்கலாமாம். காந்த ஸ்கான் எடுக்க முதல் கட்டாயம் கேளுங்கோ எண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறார்." கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். "அவர் ஏன் இப்பிடி எழுதினவர்? மாடுதானே?"

அதற்குள் ஒரு தாதி வந்து ஸ்கானுக்கான படிவத்தைத் துளசியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். துளசி கடகடவென்று நிரப்பத் தொடங்கினாள். பெயர், வயது, பழைய காயம், மாடு. உலோகம் என்ற கேள்விக்கு வந்ததும் தலையை நிமிர்த்தாமலே, "இல்லைதானே?" என்றாள். நான் பேசும் முன்பே பேனா 'இல்லை' என்ற பெட்டிக்கு மேலே போய்விட்டது.

 இந்தப் பிள்ளைக்கு ஒரு சோதனைச் சாவடியும் நினைவில் இல்லை. ஐந்து வயதில் வந்தவள், முதலாம் வகுப்பிலிருந்து இந்த நாட்டில்தான் படித்தாள். அவள் கைக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது, என்னிடமிருந்து.

பேனாவைப் பிடித்தேன்.

"பொறு. அந்தக் கேள்வியைத் திரும்ப வாசி."

"உள்ளுக்கு இரும்பு இருந்தா காந்தம் இழுக்குமாம். சரியாச் சொல்லாட்டி ஆபத்தாம்."

"இருக்கு" என்றேன்.

6

சொன்னதும் வானம் இடிந்து விழவில்லை. தாதி ஒரு முறை தலையாட்டிவிட்டு அந்தக் காந்த அறைக்குப் பதிலாக வேறு அறைக்குக் கொண்டுபோனாள். அங்கே வேறு படம் எடுத்தார்கள். துண்டு எலும்பின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. அதை எடுக்க மாட்டார்களாம். அதைச் சுற்றித் தடித்து ஒடுங்கிய இடத்தைத்தான் அகலமாக்கப் போகிறார்கள், சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. பாதம் முழுதாகத் திரும்புமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள். கைரோபிரக்டர் தொலைபேசியில் சுகம் விசாரித்தார். என்ன நோக்கத்தில் விசாரிக்கிறார் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. குடியுரிமைப் பேப்பர் இன்னும் வரவில்லை. தபால்காரரின் காலடி கேட்கும்போதெல்லாம் இவர் எழும்பி நிற்கிறார்.

ஆனால் அந்தப் படிவத்தில் நடந்ததை இன்னும் முழுக்கச் சொல்லவில்லை.

"இருக்கு" என்று நான் சொன்னதும் துளசி பேனாவைக் கீழே வைத்தாள். "அப்ப மாடு?" என்று கேட்டாள். அவள் குரலில் கோபம்தான் இருந்தது. எட்டு வயதில் அதற்குக் கண் சிவப்பாகத் தீட்டியவள் அவள். "எத்தினை தரம் அந்தக் கதையைச் சொன்னனீங்கள்! எல்லாம் பொய்யா? அப்பிடி ஒரு மாடே இல்லையா?"

"மாடு இருந்தது" என்றேன்.

அதன் பெயர் சிவலை. களத்தில் மூன்று மாடு பிணைத்திருந்தோம், ஓரத்தில் சிவலை. நான் பின்னால் கயிற்றோடு நடந்தேன். முதல் செல் தள்ளி விழுந்தது. மற்ற இரண்டும் வெருண்டு பிணையலை அறுத்துக்கொண்டு ஓடின. நான் சிவலையின் காலுக்குள் குப்புற விழுந்தேன். வெருண்ட மாடு மிதிக்கும். அது மிதிக்கவில்லை, ஓடவும் இல்லை, என்னைக் காலுக்குள் வைத்தபடி நின்றது. அடுத்தது களத்திலேயே விழுந்தது. சிவலையின் விலாவில் எத்தனை துண்டு ஏறியது என்று அப்பா பிறகும் சொல்லவில்லை. அதைத் தாண்டி என்னிடம் வந்தது ஒன்றே ஒன்று. எனக்காக நின்றதா, பயத்தில் விறைத்து நின்றதா, நான் எப்படிச் சொல்ல? எதையும் லேசில் நம்பாத மனம் என்னுடையது. ஆனால் அது நின்றது. அது நிற்காவிட்டால் துளசி இல்லை. அந்த மாட்டைத்தான் பதினெட்டு வருடமாக, என்னை முட்டியது என்று பாலத்தடியில், வைத்தியரிடம், என் பிள்ளைகளிடம் பழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதை எல்லாம் அந்த மண்டபத்தில், ஆட்கள் பார்க்க, அழுதுகொண்டுதான் சொன்னேன். துளசி என் கையைப் பிடிக்கவில்லை. படிவத்தை எடுத்து மடியில் வைத்தாள்.

"செல் எண்டு எழுதட்டா?"

"எழுது. முதல் மேல எழுதினதை வெட்டு. மாடு முட்டேல்லை எண்டு எழுது."

"அதை அவையள் கேக்கேல்லை அம்மா."

"கேக்காட்டிலும் எழுது."

படிவத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை. அவள் ஓரத்தில் எழுதினாள்.